‘நேட்டிவ் ஸ்பீக்கர்’ இல்லாத இங்கிலீஷ் வாத்தியார்: மலைக்கோட்டைக்கு வந்த ஸ்வார்ட்ஸ் ஏன் ஊர் திரும்பவே இல்லை?

தாய்லாந்தில் ஒரு சின்ன ஊர். பள்ளிக்கூடத்துக்கு இங்கிலீஷ் டீச்சர் தேவை. டிகிரி இருந்தால் போதும், விசாவும் ஒர்க் பெர்மிட்டும் அவர்களே ஏற்பாடு செய்து தருவார்கள். இப்படி ஒரு விளம்பரம் உங்கள் போனிலும் எப்போதாவது வந்திருக்கும். ஐ.டி வேலையில் சலித்துப்போனவர்கள், ஒரு வருஷம் வேறு மாதிரி வாழ்ந்து பார்க்கலாமே என்று நினைப்பவர்கள் அந்த விளம்பரத்தை இரண்டு முறையாவது படிப்பார்கள்.

படித்ததும் கேள்விகள் வரிசை கட்டும். இங்கிலீஷ் நம் தாய்மொழி இல்லையே, நம்மை எடுப்பார்களா? அந்த ஊர் பாஷை தெரியாமல் எப்படிச் சமாளிப்பது? சம்பளம் கட்டுப்படியாகுமா? வீட்டில் என்ன சொல்வார்கள்? போய் என்னதான் ஆகப்போகிறது?

இதே கேள்விகளோடு, ஆனால் எதிர்த்திசையில் பயணப்பட்ட ஒருவர் 18-ம் நூற்றாண்டில் இருந்தார். ஐரோப்பாவில் ஒரு சிறு ஊரில் பிறந்து, திருச்சிக்கு வந்து, தனக்கே சொந்தமில்லாத ஆங்கிலத்தைச் சொல்லிக்கொடுத்தவர். பெயர் கிறிஸ்டியன் ஃபிரெடரிக் ஸ்வார்ட்ஸ். தஞ்சை, திருச்சிப் பக்கம் ‘ஸ்வார்ட்ஸ் ஐயர்’ என்றால் இன்றும் பலருக்குத் தெரியும். அவர் எடுத்த முடிவுகளை ஒவ்வொன்றாகப் பார்க்கலாம்.

யார் இந்த ஸ்வார்ட்ஸ்?

1726 அக்டோபரில், அப்போதைய பிரஷ்யாவில் இருந்த சோன்னென்பர்க் என்ற ஊரில் பிறந்தார். அந்த ஊர் இன்று போலந்தில் இருக்கிறது. சின்ன வயதிலேயே தாயை இழந்தவர். 1746-ல் ஹாலே பல்கலைக்கழகத்தில் சேர்ந்தார்.

ஹாலேவுக்கும் தமிழுக்கும் அப்போதே நெருக்கமான உறவு உண்டு. 1706-ல் தரங்கம்பாடிக்கு வந்து, அச்சுக்கூடம் வைத்து, புதிய ஏற்பாட்டைத் தமிழில் அச்சிட்ட சீகன்பால்கு படித்தது அங்கேதான். அவருக்குப் பிறகு தமிழ்நாட்டில் வேலை செய்த பெஞ்சமின் ஷுல்ட்ஸே, வயதான காலத்தில் ஹாலேவுக்குத் திரும்பியிருந்தார். தமிழ் பைபிளை மறுபடி அச்சிடும் யோசனை இருந்ததால், உதவிக்கு ஒரு மாணவர் தேவைப்பட்டார். ஸ்வார்ட்ஸ் சேர்ந்துகொண்டார். அதற்காகவே தமிழ் எழுத்துகளைக் கற்றார்.

அந்த அச்சு வேலை திட்டமிட்டபடி நடக்கவில்லை. ஆனால் கப்பல் ஏறுவதற்கு முன்பே, இந்தியாவைக் கண்ணால் பார்க்காமலே, அவருக்குக் கொஞ்சம் தமிழ் வந்துவிட்டது.

போகலாமா, வேண்டாமா?

தரங்கம்பாடியில் இருந்த டேனிஷ் மிஷனுக்கு ஆள் தேவை என்று ஹாலேயில் பேச்சு வந்தது. அங்கே பொறுப்பில் இருந்த பேராசிரியர் ஃபிராங்கே, ஸ்வார்ட்ஸிடம் கேட்டார். அப்போது அவருக்கு 23 வயதுகூட நிரம்பவில்லை.

அன்றைய நிலைமையில் இந்தியா என்றால் பல மாதக் கடல் பயணம். போனவர்களில் எத்தனையோ பேர் சில வருஷங்களிலேயே காய்ச்சலில் இறந்தார்கள். கடிதம் எழுதிப் பதில் வர ஒரு வருஷத்துக்கு மேல் ஆகும். லீவு போட்டுத் திரும்பி வரும் பேச்சுக்கே இடமில்லை.

ஸ்வார்ட்ஸ் நேராக ஊருக்குப் போய் அப்பாவிடம் அனுமதி கேட்டார். அவர்தான் வீட்டுக்கு மூத்த பிள்ளை. குடும்பம் அவரை நம்பியிருந்தது. அப்பா உடனே பதில் சொல்லவில்லை. யோசிக்க இரண்டு மூன்று நாள் கேட்டு, தன் அறைக்குப் போய்விட்டார். வீட்டில் இருந்தவர்கள் எல்லாம் அவர் மறுத்துவிடுவார் என்றே நினைத்தார்களாம். சொன்ன நாளில் வெளியே வந்தவர், ஆசீர்வாதம் செய்து அனுப்பிவைத்தார். ஸ்வார்ட்ஸ் தன் பங்குச் சொத்தை உடன்பிறந்தவர்களுக்கே விட்டுக்கொடுத்துவிட்டுக் கிளம்பினார்.

இதற்கிடையில் உள்ளூரிலேயே ஒரு நல்ல திருச்சபைப் பதவியும் அவரைத் தேடி வந்தது. அதை அவர் ஏற்கவில்லை.

1749-ல் கோபன்ஹேகனில் குருப்பட்டம் பெற்று, லண்டனில் சில வாரங்கள் தங்கினார். அங்கேதான் ஆங்கிலத்தைப் பிடித்துக்கொண்டார். 1750 மார்ச்சில் கப்பல் ஏறி, அதே ஆண்டு ஜூலையில் தமிழகக் கடற்கரையில் இறங்கினார்.

முதல் 12 வருஷம் என்ன செய்தார்?

தரங்கம்பாடி அப்போது டென்மார்க்கின் கையில் இருந்த ஒரு சின்னக் கடற்கரை ஊர். ஒரு கோட்டை, சில தெருக்கள், சுற்றிலும் தஞ்சை அரசரின் நிலம். வந்த நாலே மாதத்தில் தமிழில் முதல் பிரசங்கம் செய்தார் ஸ்வார்ட்ஸ். அதோடு நிறுத்தவில்லை. தினமும் காலையில் சிறுவர்களுக்கான தமிழ்ப் பாட வகுப்பில் இருப்பார். பாடம் நடத்துவது ஒரு பக்கம். குழந்தைகள் பேசுவதைக் கேட்டுக் கேட்டுத் தன் தமிழைச் சரிசெய்துகொள்வது இன்னொரு பக்கம்.

பிறகு ஒவ்வொரு மொழியாகச் சேர்ந்தது. ஐரோப்பிய–இந்தியக் கலப்புக் குடும்பங்களோடு பேசப் போர்த்துகீசியம். நவாபின் ஆட்களோடு பேச இந்துஸ்தானியும் பாரசீகமும். தஞ்சை அரண்மனைக்காக மராத்தி. எந்த மொழியையும் அவர் பட்டத்துக்காகப் படிக்கவில்லை. எதிரே நிற்கும் ஆளுக்கு என்ன மொழி வருமோ, அதைக் கற்றார்.

திருச்சிக்கு எப்படி வந்தார்?

1762-ல் தஞ்சாவூர் வழியாகத் திருச்சிக்கு நடந்தே வந்தார். தரங்கம்பாடியிலிருந்து சுமார் 150 கிலோமீட்டர்.

திருச்சி அப்போது போரைப் பார்த்துக் களைத்த ஊர். பத்து வருஷத்துக்கு முன்புதான் கர்நாடகப் போரில் மலைக்கோட்டையை மையமாக வைத்து ஆங்கிலேயரும் பிரெஞ்சுக்காரரும் மோதினார்கள். ஆற்றுக்கு அந்தப் பக்கம் ஸ்ரீரங்கத்தில் பிரெஞ்சுப் படை முகாம் போட்டிருந்தது. ஸ்வார்ட்ஸ் வந்தபோது கோட்டைக்குள் கம்பெனிப் படை இருந்தது. ஆற்காடு நவாப் முகமது அலியின் பரிவாரமும் ஊரில் இருந்தது. சிப்பாய்களுக்கு ஒழுங்கான பாதிரியார் கிடையாது. அவர்களுடைய பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூடம் கிடையாது.

கோட்டையின் தளபதி மேஜர் பிரெஸ்டன் அவரைத் தங்கச் சொன்னார். கொஞ்ச நாள் என்று ஆரம்பித்தது, 16 வருஷமாக நீண்டது.

அடுத்த ஆண்டே கோட்டையின் வெடிமருந்துக் கிடங்கு வெடித்தது. பலர் இறந்தார்கள். அப்பா இல்லாமல் போன பிள்ளைகள் தெருவில் நின்றார்கள். ஸ்வார்ட்ஸ் படையினரிடம் பணம் திரட்டி, அந்தப் பிள்ளைகளுக்காக ஒரு பள்ளியைத் தொடங்கினார். திருச்சியில் ஆங்கிலப் பள்ளிக் கல்வியின் கதை ஆரம்பிப்பது இந்த இடத்தில்தான். தெப்பக்குளம் பக்கத்தில் இருக்கும் பிஷப் ஹீபர் பள்ளி தன் வேராகச் சொல்வதும் அதைத்தான்.

அவருக்கு ஆங்கிலம் சரளமாக வருமா?

ஆரம்பத்தில் இல்லை. ஜெர்மன்தான் அவர் தாய்மொழி. ஆங்கிலச் சிப்பாய்களுக்கு வழிபாடு நடத்த வேண்டிவந்தபோது, முதலில் அச்சான ஆங்கிலப் பிரசங்கங்களைப் புத்தகம் பார்த்தே வாசித்தார். பேசிப் பேசிப் பழகிய பிறகுதான் சொந்தமாகப் பேச ஆரம்பித்தார்.

இன்றைய ஆசிய நாட்டு வேலை விளம்பரங்கள் பலவற்றில் ‘நேட்டிவ் ஸ்பீக்கர் மட்டும்’ என்று ஒரு வரி இருக்கும். அந்த வரியை வைத்துப் பார்த்தால் ஸ்வார்ட்ஸின் விண்ணப்பம் முதல் சுற்றிலேயே கழிந்திருக்கும். ஆனால் வேற்று மொழிகளைத் தானே தடுமாறிக் கற்றவர் என்பதால், கற்பவர் எங்கே தடுமாறுவார் என்பது அவருக்குத் தெரிந்திருக்கும்.

சம்பளம், தங்குமிடம்?

திருச்சியில் அவரை நேரில் பார்த்துப் பழகிய வில்லியம் சேம்பர்ஸ் என்ற ஆங்கிலேயர் அந்த வாழ்க்கையைப் பதிவு செய்திருக்கிறார். பழைய கட்டடம் ஒன்றில் ஓர் அறை. ஒரு கட்டிலும் ஓர் ஆளும் கொள்ளும் அளவு. சாப்பாடு சோறும் காய்கறியும், ஊர்க்காரர்கள் சமைப்பது போலவே. உடை, உள்ளூர்த் துணியில் கறுப்புச் சாயம் போட்டது. ஆண்டு வருமானம் 48 பவுண்டு. அதே ஊரில் இருந்த கம்பெனி அதிகாரிகளின் வருமானத்தோடு அதை ஒப்பிடவே முடியாது.

கூடுதலாகக் கைக்கு வந்த பணம் என்ன ஆனது? 1764-ல் மருதநாயகம் என்று நாம் அறியும் யூசுப் கானுக்கு எதிராக மதுரை முற்றுகை நடந்தபோது, காயம்பட்டவர்களைக் கவனிக்க அங்கே போனார். அதற்காக நவாப் 300 பகோடா கொடுத்தார். பகோடா அந்தக் காலத் தங்க நாணயம். மொத்தப் பணமும் திருச்சி அநாதைப் பிள்ளைகளின் பள்ளிக்குப் போனது.

1766-ல் கோட்டைப் பகுதியில் கிறைஸ்ட் சர்ச் கட்டி முடிந்தது. தெப்பக்குளத்துக்கு அருகே, என்.எஸ்.பி. ரோடு கூட்டத்திலிருந்து சற்றே ஒதுங்கி, இன்றும் அது நிற்கிறது. துணி எடுக்கப் போகும் பலர் அதைக் கவனிக்காமலே கடந்து போவார்கள். அதற்கடுத்த இரண்டு ஆண்டுகளுக்குள் அவர் டேனிஷ் மிஷனிலிருந்து எஸ்.பி.சி.கே. என்ற ஆங்கிலேயச் சங்கத்துக்கு மாறினார். படைக்குப் பாதிரியாராகக் கம்பெனி ஆண்டுக்கு 100 பவுண்டு தர ஆரம்பித்தது.

கவனிக்க வேண்டிய திருப்பம் இது. அந்த நாளிலிருந்து அவர் கம்பெனியிடம் சம்பளம் வாங்கும் ஆள்.

தஞ்சாவூரும் ஹைதர் அலியும்

1769-ல் தஞ்சை மன்னர் துளஜாஜியைச் சந்தித்தார். முதலில் பாரசீகம் தெரிந்த ஒருவர் மூலம் பேச்சு நடந்தது. பிறகு ஸ்வார்ட்ஸ், தமிழிலேயே பேசலாமா என்று கேட்டு நேராகப் பேசத் தொடங்கினார். அந்த அறிமுகம் வளர்ந்தது. 1778-ல் திருச்சிப் பொறுப்பை போலே என்ற இன்னொரு ஜெர்மானியரிடம் ஒப்படைத்துவிட்டுத் தஞ்சாவூரில் குடியேறினார்.

மறு வருஷமே சென்னை கவர்னர் ரம்போல்ட் அவரை ஒரு ரகசிய வேலையாக ஸ்ரீரங்கப்பட்டணத்துக்கு அனுப்பினார். ஹைதர் அலியிடம் சமாதானம் பேச வேண்டும். ஆங்கிலேயர்மேல் ஹைதருக்குத் துளியும் நம்பிக்கை இல்லை. ஆனால் இந்தப் பாதிரியாரை நம்பலாம் என்று நினைத்தார். கிளம்பும்போது வழிச்செலவுக்கு 300 ரூபாய் கொடுத்தார். ஸ்வார்ட்ஸ் அதைச் சென்னை அரசிடம் ஒப்படைக்கப் பார்த்தார். அவர்கள் வாங்கவில்லை. கடைசியில் அது தஞ்சாவூரில் ஓர் ஆங்கிலப் பள்ளிக்கு முதலாக ஆனது.

சமாதானம் கைகூடவில்லை. 1780-ல் போர் வெடித்தது. ஹைதரின் படை காவிரி டெல்டாவுக்குள் புகுந்தது, பஞ்சம் வந்தது. தஞ்சைக் கோட்டைக்குள் ஜனங்கள் பசியில் இறந்தார்கள். வெளியே நெல் இருந்தது, ஆனால் கொண்டுவர யாரும் தயாரில்லை. முன்பு கொடுத்ததற்கே பணம் வராத அனுபவம் அவர்களுக்கு. மன்னர் சொன்னாலும் கம்பெனி சொன்னாலும் நம்பவில்லை. பணத்துக்கு நான் பொறுப்பு என்று ஸ்வார்ட்ஸ் வாக்கு கொடுத்த பிறகு மாடுகள் வந்தன. 80,000 கலம் நெல் கோட்டைக்குள் போய்ச் சேர்ந்தது. வாக்கு கொடுத்தபடி பணமும் பட்டுவாடா ஆனது.

அவர் தொடங்கிய பள்ளிகளில் என்ன விசேஷம்?

1780-களின் நடுவில் தஞ்சாவூரில் கம்பெனியின் ரெசிடென்ட்டாக இருந்தவர் ஜான் சல்லிவன். அவருக்கு ஒரு யோசனை. கம்பெனிக்கும் ஊர் மக்களுக்கும் நடுவே துபாஷிகள் நிற்கிறார்கள். என்ன மொழிபெயர்க்கிறார்கள், எவ்வளவு சுருட்டுகிறார்கள் என்று தெரியவில்லை. உள்ளூர்க்காரர்களுக்கே ஆங்கிலம் தெரிந்தால் நேராகப் பேசலாமே.

இந்தத் திட்டத்தைக் கையில் எடுத்து நடத்தியவர் ஸ்வார்ட்ஸ். தஞ்சாவூர், ராமநாதபுரம், சிவகங்கை ஆகிய மூன்று ஊர்களில் பள்ளிகள் வந்தன. வேலு நாச்சியார், மருது சகோதரர்கள் காலத்துச் சிவகங்கை அது. உள்ளூர் ஆட்சியாளர்கள் பண உதவி செய்தார்கள். 1787-ல் கம்பெனி இயக்குநர்கள் ஒவ்வொரு பள்ளிக்கும் ஆண்டுக்கு 250 பகோடா ஒதுக்கினார்கள். இந்தியர்களின் ஆங்கிலக் கல்விக்குக் கம்பெனி கொடுத்த ஆரம்பகால நிதிகளில் இதுவும் ஒன்று. மெக்காலேயின் புகழ்பெற்ற கல்விக் குறிப்பு வந்தது 1835-ல். அதற்கு 48 வருஷம் முன்பே நடந்த விஷயம் இது.

பாடங்கள்: ஆங்கிலம், கணக்கு, தமிழ், இந்துஸ்தானி, கொஞ்சம் கிறிஸ்தவ போதனை. படிக்க வந்தவர்களில் பெரும்பாலும் பிராமணர், வணிகர் வீட்டுப் பிள்ளைகள். அவர்களை ஏமாற்றி மதம் மாற்றும் வேலை நடக்காது என்று ஸ்வார்ட்ஸ் உறுதி கொடுத்திருந்தார். அவர் வந்ததே மதம் பரப்பத்தான். அதை அவர் மறைத்ததும் இல்லை. ஆனால் ஒருவர் தன் பிள்ளையை இங்கிலீஷ் படிக்க அனுப்பினால், அந்த நம்பிக்கைக்கு ஓர் எல்லை உண்டு என்று புரிந்துவைத்திருந்தார்.

அவரிடம் படித்தவர்கள்?

இரண்டு பேரைச் சொன்னால் போதும். முதலாமவர் வேதநாயகம் சாஸ்திரியார். திருநெல்வேலியைச் சேர்ந்த 12 வயதுச் சிறுவனை ஸ்வார்ட்ஸ் தன்னோடு தஞ்சாவூருக்கு அழைத்து வந்து படிக்கவைத்தார். பின்னாளில் தமிழ்க் கிறிஸ்தவக் கீர்த்தனைகளின் பெரும் கவிஞர் ஆனார்.

இரண்டாமவர் சரபோஜி. 1787-ல் துளஜாஜி இறப்பதற்கு முன் தத்தெடுத்த பத்து வயதுப் பிள்ளை. அவரைப் பார்த்துக்கொள்ளும்படி ஸ்வார்ட்ஸிடம் சொல்லிவிட்டுத்தான் மன்னர் கண்மூடினார். ஆனால் அந்தத் தத்து செல்லாது என்று முடிவாகி, அமர்சிங் அரியணை ஏறினார். சரபோஜி அடைபட்டுக் கிடந்தார். ஸ்வார்ட்ஸ் தலையிட்டதில், 1793-ல் சரபோஜி சென்னைக்கு மாற்றப்பட்டு, அங்கே படிப்பு தொடர்ந்தது. 1798-ல் அரசர் ஆனார்.

சரஸ்வதி மகால் நூலகத்தை இன்று நாம் அறியும் அளவுக்கு வளர்த்தவர் இந்தச் சரபோஜிதான். ஒரத்தநாட்டில் முக்தாம்பாள் சத்திரம் கட்டி, அங்கே பள்ளியும் வைத்தார். கடைசி வரை மதம் மாறவில்லை. ஆனாலும் தன் ஆசிரியருக்காக லண்டனில் ஃபிளாக்ஸ்மன் என்ற சிற்பியிடம் சலவைக்கல் நினைவுச்சின்னம் செய்யச் சொல்லி, தஞ்சை சிவகங்கைக் குளத்துக்கு அருகில் உள்ள தேவாலயத்தில் வைத்தார். ஸ்வார்ட்ஸின் மரணப் படுக்கை அருகே சரபோஜி நிற்பது போன்ற சிற்பம் அது.

எல்லாம் நல்லதுதானா?

இந்தக் கேள்வியைத் தாண்டிப் போக முடியாது.

ஸ்வார்ட்ஸ் நேர்மையானவர் என்பதில் அவருடைய எதிரிகளுக்கே சந்தேகம் இல்லை. ஆனால் அந்த நேர்மை யாருக்குப் பயன்பட்டது? ஹைதர் நம்பியது அவரை. அந்த நம்பிக்கையைப் பயன்படுத்தப் பார்த்தது கம்பெனி. துபாஷியைத் தவிர்க்கத் தொடங்கிய பள்ளிகள், கம்பெனி ஆட்சிக்கு வேண்டிய குமாஸ்தாக்களை உருவாக்கும் பாதைக்கும் முதல் படியாயின. சரபோஜி அரியணை ஏறிய மறு வருஷம், 1799-ல், தஞ்சை ராஜ்ஜியத்தின் நிர்வாகம் முழுவதையும் கம்பெனிக்கு எழுதிக்கொடுத்தார். கோட்டையும் சுற்றுவட்டமும் மட்டும் மிஞ்சின. அதைப் பார்க்க ஸ்வார்ட்ஸ் உயிரோடு இல்லை.

சாதி விஷயத்திலும் அவர் காலத்து மிஷன் பெரிதாகக் கைவைக்கவில்லை. கோயிலுக்குள் தனித்தனியாக உட்காரும் வழக்கம் தொடர்ந்தது. 1830-களில் பிஷப் வில்சன் அதை எதிர்த்தபோதுதான் பெரிய பிரச்சினையாக வெடித்தது.

கடைசியில்...

1798 பிப்ரவரி 13 அன்று, 71 வயதில், தஞ்சாவூரில் இறந்தார். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. 48 வருஷத்தில் ஒரு முறைகூடச் சொந்த ஊருக்குப் போகவில்லை. சேர்ந்திருந்த பணத்தை மிஷன் வேலைக்கே எழுதிவைத்தார்.

ஒரு குட்டி டைம்லைன்:

- 1726: சோன்னென்பர்க்கில் பிறப்பு
- 1750: தரங்கம்பாடி
- 1762: திருச்சிக்கு வருகை
- 1766: திருச்சி கிறைஸ்ட் சர்ச்
- 1778: தஞ்சாவூரில் குடியேற்றம்
- 1779: ஹைதர் அலியிடம் தூது
- 1787: மூன்று பள்ளிகளுக்குக் கம்பெனி நிதி
- 1798: மறைவு

இன்று போக நினைப்பவருக்கு?

ஒரு வருஷ ஒப்பந்தத்தில் தாய்லாந்துக்குப் போகிறவரிடம் 48 வருஷம் இருங்கள் என்று யாரும் சொல்லப்போவதில்லை. விசாவே விடாது. ஆனால் ஸ்வார்ட்ஸின் வாழ்க்கையை வைத்துப் பார்த்தால், கிளம்பும் முன் கேட்டுக்கொள்ள சில கேள்விகள் கிடைக்கின்றன.

அந்த ஊர் பாஷையை நான் கற்கப்போகிறேனா, இல்லை என் பாஷையை மட்டும் கொடுத்துவிட்டு வரப்போகிறேனா? என்னிடம் ஆங்கிலம் படிக்கும் பிள்ளைக்கு அது எதற்குத் தேவை. அந்தத் தேவையை முடிவு செய்தது யார்? எனக்குச் சம்பளம் கொடுப்பவர் வேறு, என்னை நம்பி வருபவர் வேறு என்று ஆகும்போது நான் யார் பக்கம்?

முதல் கேள்விக்கு ஸ்வார்ட்ஸ் தெளிவாகப் பதில் வைத்திருந்தார். இரண்டாவதற்குப் பாதி. மூன்றாவதற்கு அவர் வாழ்நாள் முழுக்க இரண்டு பக்கமும் நின்று சமாளித்தார். எல்லா நேரமும் அது பலிக்கவில்லை.

இன்னொரு விஷயம். ராமநாதபுரத்தில் அவர் பெயரைத் தாங்கி நிற்கும் ஸ்வார்ட்ஸ் மேல்நிலைப் பள்ளியில் ராமேஸ்வரத்திலிருந்து வந்த ஒரு மாணவர் படித்தார். அங்கே முடித்துவிட்டுத் திருச்சி செயின்ட் ஜோசப் கல்லூரியில் சேர்ந்தார். ஸ்வார்ட்ஸ் கட்டிய தேவாலயத்துக்குப் பக்கத்துத் தெப்பக்குளம்தான் அந்தக் கல்லூரிக்கும் அடையாளம். மாணவரின் பெயர் அப்துல் கலாம்.